மான் இருக்கிறதா என்று பாருங்கள்

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அரண்மனை வாயிலோன் ஒருவன் வருகிறான். பெயர் கிடையாது. ஒற்றைச் சிலம்போடு வந்து நிற்கும் கண்ணகியைப் பார்த்துப் பதறி, உள்ளே போய் மன்னனிடம் சொல்கிறான். வந்திருப்பவள், குருதி அடங்காத எருமைத்தலையைப் பீடமாகக் கொண்ட கொற்றவை அல்லள். 'அறுவர்க்கு இளைய நங்கை' அல்லள். இறைவனை ஆடச்செய்து பார்த்த அணங்கு அல்லள். 'கானகம் உகந்த காளி' அல்லள். தாருகன் மார்பைக் கிழித்தவளும் அல்லள்.

அந்த நடுக்கத்திலும் ஐந்து பேரைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ அத்தனை பேரையும் 'சக்தி' என்ற ஒரே கூடையில் போட்டு மூடிவிடுகிறோம். காட்டோடு ஒட்டிய, யாரையும் சார்ந்து நிற்காத ஆதிப்பெண் என்ற படிமத்தைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு நடக்கிறது. பேசுகிறவர்கள் கிரேக்கத்து வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸை எடுத்துக்காட்டுவார்கள், கூடவே 'நம்ம ஊர் அம்மன்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். எந்த அம்மன்? அந்த வாயிலோன் முதலில் சொன்ன கொற்றவையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவளைப் பாட்டில் எப்படிப் படிப்பது, கல்லில் எப்படி அடையாளம் காண்பது, எங்கே தடுமாறுவோம் என்பதையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் பாட்டு. தொல்காப்பியம் புறத்திணையியலில் 'கொற்றவை நிலை' வெட்சித்திணையோடு வருகிறது. வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், அதாவது பகைவர் மாட்டை ஓட்டி வருவது. 'வெட்சி தானே குறிஞ்சியது புறனே' என்பது இலக்கணம். பள்ளிக்கூடத்தில் 'பாலைக்குத் தெய்வம் கொற்றவை' என்று மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் தொல்காப்பியம் மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்று நான்கு நிலங்களுக்குத்தான் தெய்வம் சொல்கிறது, பாலைக்குச் சொல்லவில்லை. பாலைத் தெய்வம் என்ற வரிசை பிறகு வந்து சேர்ந்தது. பாலையே தனி நிலமா என்றால் அதுவும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து தன் இயல்பு கெட்டால் பாலை என்று சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் சொல்கிறது. ஆகவே அவளுக்குப் பாலைவனம் எதையும் கற்பனை செய்ய வேண்டாம். கோடையில் காய்ந்த புதர்க்காடு, இடையிடையே வெட்டவெளி, வழிப்பறிக்குத் தோதான பாதை. அதுதான் அவள் இடம்.

சங்கப் பாடல்களில் அவள் பெயரைவிட இருப்பிடம்தான் அதிகம் பேசப்படுகிறது. அகநானூறு 345இல் 'கான் அமர் செல்வி'. கலித்தொகை 89இல் 'பெருங்காட்டுக் கொற்றி'. அங்கே பேய் அவளுக்குக் குறி சொல்கிறது. குறுந்தொகை 218இல் மலைப் பிளவில் இருக்கும் 'விறல்கெழு சூலி'. இந்தக் குறுந்தொகைப் பாட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். பொருள் தேடிப் போன தலைவன் திரும்பவில்லை. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: சூலிக்கு நேர்ச்சை செய்யமாட்டோம், கையில் நூல் கட்டமாட்டோம், பறவைச் சகுனம் பார்க்கமாட்டோம், விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல், கேட்க நிற்கமாட்டோம். செய்யமாட்டோம் என்று அவள் அடுக்குவதிலிருந்தே பெண்கள் இந்தத் தெய்வத்துக்கு வழக்கமாக என்னென்ன செய்தார்கள் என்ற பட்டியல் கிடைத்துவிடுகிறது. கைநூல் இன்றும் காப்புக் கட்டு என்று நம்மோடுதான் இருக்கிறது.

யாரையும் சாராதவள் என்பதை எல்லாக் காலத்துக்கும் நீட்டிவிடக்கூடாது. திருமுருகாற்றுப்படை முருகனை 'கொற்றவை சிறுவ', 'பழையோள் குழவி' என்று விளிக்கிறது. இரண்டு அடி முன்னால் 'ஆல்கெழு கடவுட் புதல்வ', அதாவது ஆலமரத்தடிச் சிவனின் மகனே என்றும் விளிக்கிறது. அதாவது அந்தப் பாட்டுக்குள் குடும்பம் அமைந்துவிட்டது. சிலப்பதிகார வேட்டுவ வரியில் அவள் குமரி, சூலி, நீலி, 'மாலவற்கு இளங்கிளை', அதாவது திருமாலின் தங்கை. அண்ணன் உண்டு. ஆனால் அவள் ஏறி நிற்கும் இடத்தில் பக்கத்தில் கணவன் கிடையாது. கல்லிலும் அப்படித்தான். இந்தத் 'தங்கை' உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சங்கு சக்கரம் வரும்போது தேவைப்படும்.

வேட்டுவ வரிதான் இந்த விஷயத்தில் பெரிய புதையல். அது ஒரு துதிப்பாட்டு மட்டும் இல்லை, செய்முறையும் கூட. வெயிலில் நடந்து கால் நொந்த கண்ணகி, கோவலனோடும் கவுந்தியோடும் ஐயை கோட்டத்தில், அதாவது கொற்றவை கோயிலில், ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். எயினர் என்ற வேட்டுவக் குடியில் சாமியாடும் சாலினிக்கு அருள் வருகிறது. பக்கத்து ஊரில் மாடு பெருகிவிட்டது, நம் மன்று பாழாகக் கிடக்கிறது, வெற்றி கொடுத்தவளுக்குக் கடன் செலுத்தாமல் இருக்கிறீர்கள் என்று அதட்டுகிறாள். உடனே எயினர் தங்கள் குடியில் பிறந்த ஒரு குமரியைக் கொற்றவையாக அலங்கரிக்கிறார்கள். எதை வைத்து என்று பாருங்கள். கூந்தலை உயர்த்திக் கட்டி, சிறிய வெள்ளரவின் குட்டியை நாணாகச் சுற்றுகிறார்கள். தோட்டத்தை அழித்த பன்றியின் வளைந்த கொம்பைப் பறித்துப் பிறைநிலாவாகச் சூட்டுகிறார்கள். புலியின் வாயைப் பிளந்து எடுத்த பல்லைக் கோத்துத் தாலி. வரியும் புள்ளியும் கலந்த தோல், இடுப்புக்கு மேகலை. கையில் வில். பிறகு 'திரிதரு கோட்டுக் கலைமேல் ஏற்றி', முறுக்கிய கொம்புள்ள கலைமானின் மேல் ஏற்றுகிறார்கள்.

ஒரு பொருளும் கடையில் வாங்கியது இல்லை. எல்லாம் அந்தக் காட்டில் கொன்று எடுத்தவை, அதிலும் மனிதரோடு மோதிய விலங்குகளின் உடம்பிலிருந்து எடுத்தவை. தாலி இருக்கிறது, கட்டியவன் இல்லை. புலிப்பல் தாலி பிள்ளைகளுக்கும் கட்டப்பட்ட காப்பு. அதைத் திருமணத் தாலியாக நினைத்து ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

அடுத்து, படையல். பின்னால் வரும் எயிற்றியர் கையில் வண்ணக்குழம்பு, சுண்ணப்பொடி, சந்தனம், அவித்த பயறு, எள்ளுருண்டை, நிணச்சோறு, பூ, புகை. இவற்றோடு பாவை, கிளி, கானக்கோழி, மயில், பந்து, கழங்கு. பாவையும் பந்தும் கழங்கும் சிறுமிகளின் விளையாட்டுச் சாமான்கள். கழங்கு என்பது கழற்சிக்காய். முள்கொடியில் முள் மூடிய நெற்றுக்குள் சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு போல இருக்கும் விதை. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அது ஏன் ஆட்டக்காய் ஆனது என்று சொல்லாமலே புரியும்: வழவழப்பு, கடினம், எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. எருமைத்தலை மேல் நிற்பவளுக்கு முன்னால் ஒரு பக்கம் நிணச்சோறு, இன்னொரு பக்கம் சிறுமியின் பந்தும் பொம்மையும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். காட்டை நேசிக்கும் மென்மையான பெண் என்று மட்டும் சொன்னால் நிணச்சோறு எங்கே போயிற்று? ரத்தவெறித் தெய்வம் என்று மட்டும் சொன்னால் பந்தை யாருக்குக் கொண்டுவந்தார்கள்?

அந்தக் காதையிலேயே இன்னொன்றும் நடக்கிறது. சாலினி கண்ணகியைச் சுட்டி 'கொங்கச் செல்வி, குடமலையாட்டி' என்று புகழ்கிறாள். கண்ணகிக்குக் கூச்சம். மூதறிவாட்டி ஏதோ தடுமாறிச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறாள். எட்டுக் காதை தள்ளி, வாயிலோன் 'கொற்றவை அல்லள்' என்று சொல்ல நேர்வது இவளைப் பார்த்துத்தான்.

இனி கல். பாட்டில் இருக்கும் அடையாளங்களை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். வேட்டுவ வரியில் அவள் 'கானத்து எருமைக் கருந்தலைமேல்' நிற்கிறாள், 'கரிய திரிகோட்டுக் கலைமிசை' நிற்கிறாள், சங்கும் சக்கரமும் ஏந்துகிறாள், சிங்கமும் வருகிறது. இந்த நான்கில் எருமைத்தலையும் மானும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பார்க்கும் வரிசையை நான் கீழிருந்து மேலாகச் சொல்வேன். முகத்தில் தொடங்கினால் அலங்காரமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏமாற்றும். பாதத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? தாமரைப் பீடமானால் இதழ்கள் வரிசையாகக் கவிழ்ந்தோ நிமிர்ந்தோ இருக்கும். எருமைத்தலையானால் நடுவில் மூக்கும், இரண்டு பக்கமும் வெளியே வளைந்து ஏறும் கொம்புகளும் இருக்கும். தொட்டுக் கும்பிட்டே மூக்கு தேய்ந்துபோயிருக்கும். அப்போது கொம்பின் இரண்டு வில்வளைவு மட்டும் மிஞ்சும், அதுவே போதும். தாமரைதான் என்றால் அவள் கொற்றவை இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் உள்ளே தாமரையில்தான் நிற்கிறாள். அதே ரதத்தின் வெளிச்சுவரில் எருமைத்தலை மேல் நிற்கிறாள்.

அடுத்து, காலடியில் யார்? பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆண் மண்டியிட்டிருப்பான். ஒருவன் இடக்கையால் தன் குடுமியைப் பிடித்து வலக்கை வாளைக் கழுத்தில் வைத்திருப்பான். அரிகண்டம், நவகண்டம் என்று சொல்வது இதைத்தான். மற்றவன் பூ தூவுவான், அல்லது உடம்பில் வேறோர் இடத்தை அறுப்பான். தேய்ந்த சிற்பத்தில் வாள் தெரியாது. தலைக்கு மேல் மடங்கிப் போகும் முழங்கையைத் தேடுங்கள். சும்மா கும்பிடுகிறவனுக்கு இரண்டு முழங்கையும் கீழே இருக்கும்.

மணிமேகலையில் புகார்ச் சுடுகாட்டை ஒட்டி 'காடமர் செல்வி' கோட்டம் வருகிறது. உயிர்க்கடன் கொடுத்தவர்களின் தலைகள் தொங்கும் மரங்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. கிரேக்கத்தில் ஆட்டிகாவின் ஹாலாய் என்ற ஊரிலும் ஆர்ட்டெமிஸ் விழாவில் ஓர் ஆணின் கழுத்தில் வாளை வைத்து ஒரு துளி ரத்தம் எடுக்கும் சடங்கு உண்டு. ஒற்றுமை கண்ணில் படுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று இழுத்தால் அறுந்துவிடும்.

இப்போது கைகள். எண்ணிக்கையை உள்ளங்கையை வைத்துப் போடாதீர்கள், உடைந்திருக்கும். முழங்கைகளை எண்ணுங்கள், தோளிலிருந்து பிரியும் இடத்தைப் பாருங்கள். நான்கு, எட்டு இரண்டும் சகஜம். மேல் வலக்கையில் சக்கரம், மேல் இடக்கையில் சங்கு. பல்லவர் காலத்திலும் சோழர் தொடக்கத்திலும் சக்கரம் நம் பக்கம் வட்டமாகத் திரும்பி நிற்காமல், எறியப் போவதுபோல் விளிம்பு காட்டி நிற்பதுண்டு. அப்போது அது ஒரு தடித்த கோடாகத்தான் தெரியும், பலர் அதைக் கதாயுதம் என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். கீழ் இடக்கை இடுப்பில் ஊன்றியிருக்கும், கீழ் வலக்கை அபயம் காட்டும். மார்பில் கச்சை. எட்டுக் கையானால் வில், வாள், கேடயம், மணி எல்லாம் வரும். சிலவற்றில் கிளியும் உண்டு. வேட்டுவ வரிப் படையலில் வந்த அதே கிளி.

கடைசியாக மான். இதற்குத்தான் பொறுமை வேண்டும். மாமல்லபுரம் வராக மண்டபத்திலோ சோழர் கோயில்களிலோ மான் அவளுக்கு மேல்புறமாக ஒரு பக்கத்தில் இருக்கும், மறுபக்கம் சிங்கம். தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் ஏரிக்கரைகளிலும் வயல்வெளியிலும் கிடைக்கும் பல்லவர் காலப் பலகைக் கற்களில் மான் அவளுக்குப் பின்னால் நிற்கும். உடம்பு மறைந்து, தலையும் கொம்பும் மட்டும் தோளுக்கோ இடுப்புக்கோ பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பைப் பாருங்கள். கிளை விட்டிருந்தால் அது புள்ளிமானோ கடமானோ. கிளையில்லாமல் இரண்டு நீண்ட கொம்பு கவட்டை போல விரிந்து, மேலே வரிவரியாகக் கீறல் இருந்தால் அது இரலை, நம் வெளிமான். 'திரிமருப்பு இரலை' என்று முல்லைப்பாட்டும் அகநானூறும் சொல்வது இதை. கலை என்ற சொல்லுக்கும் தொல்காப்பியம் மரபியலில் கணக்கு இருக்கிறது: 'இரலையும் கலையும் புல்வாய்க்கு உரிய'. புல்வாய் என்றால் இதே வெளிமான்தான். உழைமானின் ஆணுக்கும், முசுக் குரங்கின் ஆணுக்கும்கூட அந்தச் சொல் செல்லும் என்று அடுத்தாற்போல் சொல்கிறது. ஆகவே கலை என்ற சொல்லை மட்டும் வைத்து மானினத்தை முடிவு செய்ய முடியாது, 'திரிகோடு' என்ற அடைமொழிதான் ஐயம் தீர்க்கிறது.

வெளிமான் அடர்காட்டு விலங்கு இல்லை. பெயரே சொல்கிறதே, வெளி. புல்லும் குட்டைப் புதரும் உள்ள திறந்த நிலம் வேண்டும். கண்ணும் ஓட்டமும்தான் அதற்குப் பாதுகாப்பு. முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகும் கிடாவுக்கு, பெட்டைக்குப் பொதுவாகக் கொம்பு இல்லை. தமிழ்நாட்டில் கோடியக்கரை, கிண்டி, வல்லநாடு, மோயாறு பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். வல்லநாட்டுச் செம்மண் கரட்டில் அது நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, காய்ந்த முல்லைதான் பாலை என்ற பேச்சு ஏட்டுச்சுரைக்காயாக இருக்காது. அவள் ஊர்தி அவள் நிலத்திலிருந்தே வந்தது. சிங்கம் தமிழ்நாட்டுக் காட்டில் இல்லாத விலங்கு, அது வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஊர்தி. காலப்போக்கில் சிங்கம் நிலைத்துவிட்டது, மான் கழன்றுவிட்டது. பிற்காலத் துர்க்கையிடம் மானைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

எங்கே தொடங்குவது? மாமல்லபுரம்தான் வசதி, ஒரே நாளில் மூன்று நான்கு விதமாக அவளைப் பார்க்கலாம், எல்லாம் 7, 8ஆம் நூற்றாண்டு வேலை. திரௌபதி ரதம் சுமார் 11 அடிச் சதுரம், 18 அடி உயரம். கூரை வேய்ந்த குடிசையை அப்படியே கல்லில் செய்தது போல இருக்கும். ஓலைக்குடிசை வடிவத்தை இவளுக்கு ஏன் தேர்ந்தார்கள் என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். வாசலின் இரண்டு பக்கமும் காவல் நிற்பவர்கள் பெண்கள். ரதம் மேற்கு பார்த்தது, ஆகவே காலையில் போனால் உள்ளே இருட்டு. மதியத்துக்குப் பிறகு வெளிச்சம் கருவறைக்குள் ஏறும். வராக மண்டபத்தில் மானும் சிங்கமும் சேர்ந்து தெரியும். மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் அவள் சிங்கத்தின் மேல் வில் வளைத்துப் போர் செய்கிறாள். அது சண்டை நடக்கும் நேரம். எருமைத்தலை மேல் நிற்பது சண்டை முடிந்த நேரம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் இந்த வேறுபாடு மனசில் நின்றுவிடும். கடற்கரைக் கோயில் வளாகத்தில், மார்பைக் குடைந்து மாடம் செய்த ஒரு கற்சிங்கம் இருக்கிறது. அதன் பக்கத்தில் தலை போன மான் ஒன்று படுத்திருக்கிறது. எல்லாரும் சிங்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு மானைத் தாண்டிப் போகிறார்கள். ஆதிவராக குடைவரை வழிபாட்டில் உள்ள கோயில், எந்நேரமும் திறந்திருக்காது.

சோழர் காலத்துக்கு, தஞ்சாவூர் கும்பகோணம் வழியில் பசுபதிகோயில் பக்கம் புள்ளமங்கை. முதலாம் பராந்தகன் காலம், 10ஆம் நூற்றாண்டு. கருவறைக்கு முன்னால் உள்ள அர்த்தமண்டபத்தின் வடக்குச் சுவரில் குடைக்குக் கீழே எருமைத்தலை மேல் நிற்கிறாள். சிங்கம், மான், தலை கொடுக்கும் வீரன், எல்லாம் இருக்கிறது. ஓர் இடம்தான் போக முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வடக்குச் சுவர் என்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சோழர் கோயில்களில் துர்க்கைக்கு வழக்கமான இடம் அதுதான். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை அந்தச் சுவரில் நேர் வெயிலே படாது. மார்கழியில் போய் எடுத்த படம் தட்டையாக இருக்கிறது என்று புலம்பிப் பயனில்லை. மே, ஜூன் மாதங்களில் சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதிக்கும். ஜூன் 21ஐ ஒட்டி ஏறத்தாழ 24 பாகை வடக்கே. அந்தக் காலை வெயில் சுவரைச் சாய்வாக உரசிப் போகும்போது, தேய்ந்த கொம்பின் கீறல்கூட நிழல் விழுந்து எழும்பி வரும். மாலையிலும் கடைசி ஒரு மணி நேரம் அப்படியே, பக்கத்தில் மரமோ மதிலோ மறைக்காமல் இருந்தால். மற்ற மாதங்களில் கைவிளக்கு. நேராக முகத்தில் அடித்தால் எல்லாம் வெளுத்துவிடும். சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, இடம் வலம் மேல் கீழ் என்று நான்கு பக்கமிருந்தும் ஒருமுறை பாருங்கள். கேமரா ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கோயிலில் முதலில் அனுமதி கேளுங்கள்.

வழிபாட்டில் உள்ள சிலை என்றால் புடவை கட்டியிருப்பார்கள், எருமைத்தலையும் வீரர்களும் அதற்குள் போய்விடும். செவ்வாய் ராகுகாலம் 3 முதல் 4.30, வெள்ளி 10.30 முதல் 12. இந்த நேரங்களில் எலுமிச்சை விளக்கு ஏற்றும் கூட்டம் நெரியும், புகையும் எண்ணெயும் சேரும். அலங்காரத்துக்கு முன், அபிஷேகம் முடிந்து துணி மாற்றும் இடைவெளிதான் நல்ல நேரம். குருக்களிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். சங்கு சக்கரத்தைப் பார்த்து 'விஷ்ணு துர்க்கை' என்று எழுதியிருப்பார்கள். தங்கை என்பதால் வந்த சங்கு சக்கரம் அது, பெயர் தவறில்லை, பாதிதான் சொல்கிறது. மிகவும் தேய்ந்த கல்லைப் பெருமாள் என்றே கும்பிடுவதும் உண்டு. அங்கே மார்புக் கச்சையையும் மகுடத்தையும் பாருங்கள்: பெருமாளுக்கு உருளை போல உயர்ந்த கிரீட மகுடம், இவளுக்குப் பெரும்பாலும் பானை அடுக்கியதுபோல் குறுகிப் போகும் கரண்ட மகுடம். உட்கார்ந்திருந்து, ஏழு பேர் வரிசையில் ஒருத்தி கையில் சங்கு சக்கரம் இருந்தால் அவள் சப்தமாதர் எழுவரில் வைணவி. உட்கார்ந்து, தலைமுடி சுடர்விட்டு எழும்பி, காலடியில் சின்ன அசுரன் இருந்தால் காளி அல்லது நிசும்பசூதனி. விசயாலய சோழன் தஞ்சையைப் பிடித்ததும் எடுப்பித்தது நிசும்பசூதனிக்கு. பெரிய வயிறோடு உட்கார்ந்து, ஒரு பக்கம் மாட்டுமுக மகன், மறுபக்கம் மகள், காக்கைக் கொடி, துடைப்பம் இருந்தால் அவள் தவ்வை, அதாவது மூதேவி; அவளைக் 'காளி' என்று வேலி போட்டு வைத்திருக்கும் ஊர்கள் நிறைய. நின்ற கோலமும் எருமைத்தலையும் தவ்வைக்குக் கிடையாது.

கொற்றவைக்குக் காடுகாள் என்றொரு பெயர் உண்டு, காடுகிழாள் என்பதன் குறுக்கம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களைக் கழிக்கும் இடத்தில் பிடாரிக்கும் காடுகாளுக்கும் உரிய 'திருமுற்றம்' வருகிறது. முற்றம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கல்லால் கோயில் எடுத்துக் கொண்டாடிய அரசனின் ஆவணத்திலும் அவளுக்குத் திறந்தவெளிதான்.

வயலிலோ ஏரிக்கரையிலோ பலகைக்கல் ஒன்று கண்ணில் பட்டால் செய்யக்கூடாதவை சில. எழும்பித் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள், துளைக்குள் போய் ஈரம் பிடித்து அடுத்த மழையில் பரப்பு உதிரும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது, இரும்புத் தூரிகையால் தேய்ப்பது, எனாமல் பெயின்ட் அடிப்பது மூன்றும் கல்லைக் கொல்லும். வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும், அதுவும் ஊரார் ஒப்புக்கொண்டால். கல்லின் உயரம், அகலம், கனம், முகம் பார்க்கும் திசை, எத்தனை கை, எந்தக் கையில் என்ன, காலடியில் என்ன என்று அங்கேயே நின்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து எழுதினால் நிழலையும் கையாக எண்ணிவிடுவோம். பிறகு கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், தொல்லியல் துறை என்று தகவல் கொடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது, மண்ணுக்குள் கிடைத்ததை வீட்டுக்குத் தூக்கி வர முடியாது.

பலகைக் கற்களில் அடிக்கடி நேரும் சிக்கல் ஒன்று. கல் சரிந்துவிடக்கூடாது என்று முழங்கால் வரை மண்ணில் இறக்கியிருப்பார்கள், அல்லது சிமென்ட் மேடை கட்டியிருப்பார்கள். எருமைத்தலையும் தலை அறுப்பவனும் உள்ளே போயிருப்பார்கள். கீழிருந்து பார்க்கச் சொன்ன என் வரிசை அங்கே செல்லாது. தோண்டவும் கூடாது. தோளுக்குப் பக்கத்தில் கையை வைக்காமல் விளக்கை மட்டும் சாய்த்துப் பிடியுங்கள். கிளையில்லாத கொம்பு இரண்டு அங்கே இருந்தால், மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.